சீட்டை யாரும் ‘பிளாக்’ செய்ய முடியாது

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்து, நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்கிறாள். மதிப்பெண் சுமார்தான். எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளி, பிறகு அரசுப் பள்ளி. மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.டி.எஸ். (பல் மருத்துவம்) சீட்டை முன்கூட்டியே ‘பிளாக்’ செய்து தருவதாக ஒருவர் இரண்டு லட்சம் முன்பணமும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கேட்கிறார். கொடுக்கலாமா? பேசாமல் பிசியோதெரபியில் சேர்த்துவிடலாமா?
– ஒரு தந்தை, விருத்தாசலம்

பதில்: கொடுக்காதீர்கள். பணம் போனால்கூடச் சம்பாதித்துக்கொள்ளலாம், சான்றிதழைக் கொடுத்துவிட்டால் அவர் பின்னாலேயே அலைய வேண்டியதுதான். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு பெண், மாற்றுச் சான்றிதழ் புரோக்கர் கையில் மாட்டியிருந்ததால் கலந்தாய்வில் கிடைத்த இடத்தில் சேர முடியாமல் நின்றாள்.

தனியார் கல்லூரிகளின் மேனேஜ்மென்ட் இடங்களும் நீட் தரவரிசைப்படி, மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு (எம்.சி.சி.) நடத்தும் கலந்தாய்வு. பிறகு இவர் எதைப் பிளாக் செய்வார்? தந்திரம் எளிது. உங்கள் மகளின் ரேங்குக்குத் தானாகவே இடம் கிடைத்தால் “நான்தான் வாங்கித் தந்தேன்” என்பார். கிடைக்காவிட்டால் “அடுத்த ரவுண்டில் பார்க்கலாம்” என்பார். இரண்டிலும் முன்பணம் அவருக்கு. ‘நீட் இல்லாமலே பி.டி.எஸ்.’ என்று யாராவது சொன்னால் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. ‘எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளி.’ அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு (2020 சட்டம்) ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. ஆனால் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் இதில் அடங்குவார்கள். உங்கள் மகள் அப்படிச் சேர்ந்தவளா? அப்படியானால் பழைய பள்ளிக்கு இன்றே போய் அதற்கான சான்று வாங்குங்கள். கட்டணம் கட்டிப் படித்திருந்தால் இது கிடையாது. அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்கில் வராது, பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. இவ்வளவு பெரிய சலுகையை விண்ணப்ப விளக்கக் குறிப்பேட்டின் (பிராஸ்பெக்டஸ்) உள்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டால் கிராமத்துப் பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பி.டி.எஸ். ஐந்து வருடம், பயிற்சி ஆண்டும் சேர்த்து. அரசுக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் இருக்கின்றன. சிதம்பரம் உங்கள் மாவட்டமே. கிடைக்காமல் போனால் பிசியோதெரபி ஒன்றும் குறைந்ததில்லை. அதற்கும் அதே தேர்வுக் குழுதான், ஆனால் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனித் தேதி. ஒரே பிள்ளையின் அதே சான்றிதழ்களை எத்தனை முறை பதிவேற்றச் சொல்வார்களோ! பிளஸ் டூ மதிப்பெண்ணில் நடந்துவந்த இந்தச் சேர்க்கைக்கும் நீட் கொண்டுவரும் பேச்சு இருப்பதால், இந்த ஆண்டுக் குறிப்பேட்டை மட்டும் நம்புங்கள். கல்லூரி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். ஊருக்கு ஊர் ‘பாராமெடிக்கல்’ போர்டு மாட்டிய மாடிக் கட்டடங்கள் பலவற்றின் பெயர் அதில் இருக்காது.

விண்ணப்பத்தை மகளே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். செல்போன் எண் கேட்கும் இடத்தில் உங்கள் வீட்டு எண்ணைக் கொடுங்கள். புரோக்கர் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. அவருக்குப் போகும், கல்லூரித் தேர்வையும் அவரே செய்துவிடுவார்.