‘தைரியமாக இருங்கள்’ என்றால் என்ன செய்ய வேண்டும்? – கேள்வி பதில்

இன்றைய சொல் தைரியம். ஒரே ஒரு வேண்டுகோள்: சொல்லைத் தனியாகப் பிடுங்கி அனுப்பாதீர்கள். அது வந்த வாக்கியத்தோடு அனுப்புங்கள். வாக்கியம் இல்லாத சொல்லுக்கு என்னால் ஊகம்தான் சொல்ல முடியும்.

கேள்வி: தைரியம், துணிவு, வீரம் எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றென்றால் இடம் மாற்றிப் பாருங்கள். ‘வீரமரணம்’ உண்டு, ‘தைரிய மரணம்’ இல்லை. ‘கொள்ளையடிக்கவும் துணிந்தான்’ என்று எழுதலாம். ‘கொள்ளையடிக்க வீரம் கொண்டான்’ என்று எழுதினால் பிழை திருத்துபவர் பேனாவை எடுத்துவிடுவார்.

பல வருடங்களுக்கு முன் அறுவைசிகிச்சை அறைக்கு வெளியே அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அப்பா. வந்து போன ஒவ்வொருவரும் ‘தைரியமாக இருங்கள்’ என்றார்கள். அம்மா கையிலிருந்த மருந்துச் சீட்டை நான்காக மடிப்பார், பிரிப்பார், மறுபடியும் மடிப்பார். அவர் அங்கே துணிந்து செய்ய வேண்டிய காரியம் எதுவும் இல்லை. எதிரியும் இல்லை. குலைந்துபோகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தைரியம் என்ற சொல் பிறந்த இடமும் அதுதான். வடமொழியில் ‘தீரன்’ என்றால் நிலைகுலையாதவன். அவனுடைய தன்மை ‘தைர்யம்’. நாம் அதைச் சண்டைக்கும் சவாலுக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாலும், நோயிலும் சாவிலும் ஆறுதல் சொல்லும்போது பழைய பொருளில்தான் பேசுகிறோம்.

துணிவு வேறு. நீச்சல் குளத்தின் உயரப் பலகையில் நிற்கும் பையனைப் பார்த்திருப்பீர்கள். கால்விரல்கள் பலகையின் விளிம்பைக் கவ்விக்கொண்டிருக்கும். அந்த விரல்கள் பிடியை விடுகிற கணம் இருக்கிறதே, அது துணிவு. துணிதல் என்றால் அறுபடுதல், துணித்தல் என்றால் வெட்டுதல். நாம் உடுத்தும் துணியும் வெட்டி எடுத்த துண்டுதான். குதிக்கலாமா வேண்டாமா என்ற இரண்டு மனத்தை வெட்டி ஒன்றைக் கையில் எடுப்பது துணிவு. ஆராய்ந்து எட்டிய முடிவுக்கும் ‘துணிபு’ என்றே பெயர். ‘எண்ணித் துணிக கருமம்’ (குறள் 467) என்பதை ‘யோசித்துவிட்டுத் தைரியமாகச் செய்’ என்று விளக்குகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். யோசித்து முடிவெடு, எடுத்த பிறகு யோசிக்கலாம் என்று இருக்காதே என்கிறது குறள்.

வீரம் என்பது அடுத்தவர் பார்த்துச் சூட்டுகிற பெயர். ‘நான் தைரியமாக இருந்தேன்’ என்று நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளலாம். ‘நான் வீரமாக இருந்தேன்’ என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்.

கேள்வி: இந்திக் கதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். தாய் குழந்தையிடம் ‘தைர்ய ரக்கோ’ என்கிறாள். ‘தைரியமாக இரு’ சரியா?

இல்லை. ‘பொறுமையாக இரு’. இந்தியில் அந்தச் சொல் பொறுமைப் பக்கம் சாய்ந்துவிட்டது. தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் நம்மைப் போலவே அச்சமின்மைப் பக்கம் கொண்டுபோயின. வாக்கியத்தோடு அனுப்பினீர்கள், நன்றி.

கேள்வி: தைரியத்துக்குத் தூய தமிழ்ச் சொல் என்ன?

எந்த வாக்கியத்தில்? முடிவெடுக்கும் இடமென்றால் துணிவு. பயமின்மை என்றால் அஞ்சாமை. குலையாமல் தாங்குவது என்றால் நெஞ்சுரம். ‘மனத்திடம்’ என்று போட்டுத் தப்பித்துவிட்டதாக நினைக்காதீர்கள், திடமும் வடசொல்தான். என் அம்மாவிடம் யாராவது ‘நெஞ்சுரத்தோடு இருங்கள்’ என்று சொல்லியிருந்தால், மேடையில் பேச வந்தவர் வழிதவறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்திருப்பார்.

கேள்வி: ‘எந்தத் தைரியத்தில் இங்கே வந்தாய்?’ இதில் தைரியம் பாராட்டா, திட்டா?

திட்டுதான். இங்கே தைரியம் என்றால் பக்கபலம். யாரை நம்பி வந்தாய் என்று கேட்கிறார்கள். ‘அண்ணன் இருக்கிற தைரியத்தில் கடன் வாங்கினேன்’ என்பதும் இதே வகை, கடன் வாங்கியவரிடம் துணிவு என்று ஒன்றும் இல்லை. ‘தைரியமாக வாங்கலாம்’ என்று விற்பவர் சொன்னால் ‘கவலையில்லாமல் வாங்கலாம்’ என்று பொருள். ஒரு சொல்லுக்கு இத்தனை வேலை. அதனால்தான் வாக்கியம் வேண்டும் என்கிறேன்.

கேள்வி: எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். தைரியம் வர என்ன செய்யலாம்?

நான் சொற்களைப் பார்க்கிறவன். மனநல ஆலோசகரிடம் பேசுங்கள், அவர்கள் வேலையை நான் செய்யக் கூடாது.

கேள்வி: தறுகண் என்றால் என்ன? தேர்வுக்கு வேண்டும்.

அஞ்சாமை. தேர்வுக்கு அது போதும். உங்களுக்கென்று கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். நம் பழைய சொற்கள் அஞ்சாமையைக் கண்ணில் வைத்தன: தறுகண், வன்கண். குறள் 775, வேல் பாய்ந்து வரும்போது விழித்த கண் இமைத்தாலே தோற்றோடியதுதான் என்கிறது. ஓடவே வேண்டாம், ஓர் இமைப்பு போதும்! ஆனால் அதே ‘வன்கணவர்’ குறள் 228இல் வந்து நிற்பதைப் பாருங்கள். பொருளைப் பூட்டிவைத்து இழக்கிற கல்நெஞ்சர் என்று வசை. ஒரே ஆசிரியர், ஒரே நூல், ஒரே சொல்.

தொல்காப்பியம் பெருமிதம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: கல்வி, தறுகண், இசைமை, கொடை. கல்விக்கு அடுத்த இடம்தான் தறுகண்ணுக்கு.

கேள்வி: தைரியம் தமிழ்ச் சொல்லா? இல்லையென்றால் மாற்று?

மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: எதற்கு இவ்வளவு சுற்றல்? பயமே இல்லாதவன் தைரியசாலி. ‘அஞ்சாமை ஈகை’ என்று குறளே (382) அஞ்சாமையைத்தான் முதலில் வைக்கிறது.

அது அரசனுக்குச் சொன்னது. எல்லோருக்கும் பொதுவாக 428 இருக்கிறது: ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’. பயமே இல்லாதவனுக்கு அங்கே கிடைத்த பட்டம் பேதை.

அவரே மீண்டும்: அங்கே ‘அஞ்சுவது’ என்றால் பழி, பாவம். பரிமேலழகர் உரையைப் பாருங்கள். ஆபத்துக்கு அஞ்சச் சொல்லவில்லை.

உரையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் பட்டியலை முழுதாகப் படியுங்கள்: ‘பாவமும் பழியும் கேடும் முதலாக’ என்கிறார். கேடு என்ற சொல்லைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். தவிர, நீச்சல் பலகைப் பையனுக்குப் பயம் இல்லையென்றால் விரல்கள் எதற்காக விளிம்பைக் கவ்வுகின்றன? பயமில்லாதவன் நடந்துபோய் விழுவான். அதற்குத் துணிவு என்று பெயர் வைத்தால் உருண்டு விழும் கல்லுக்கும் வைக்க வேண்டும்.

வேறொருவர்: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ‘அஞ்சாநெஞ்சன்’ என்றுதானே புகழ்கிறோம்? ‘அஞ்சியும் துணிந்தவன்’ என்று யாரும் சொல்வதில்லையே.

இது நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன். புகழ்மொழியில் அச்சம் முழுதாகத் துடைக்கப்பட்டுவிடுகிறது. வெளியே நிற்பவர் கண்ணுக்குப் பயம் தெரியாதது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் உள்ளே இருப்பவர் பேசும்போது கவனியுங்கள்: ‘தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்’ என்பார். பயம் இல்லாதவர் எதை எங்கிருந்து வரவழைப்பார்?

முதலாமவர்: நான் ஏற்கவில்லை.

சரி.

கேள்வி: போரில் அஞ்சாததும் மேடையில் அஞ்சாததும் ஒரே தைரியம்தானா?

குறள் பிரித்துப் பார்க்கிறது. அவையஞ்சாமை என்று தனி அதிகாரமே இருக்கிறது. 723ஐப் பாருங்கள்: பகைவர் நடுவே சாகத் தயாரானவர்கள் நிறையப் பேர், அவையில் அஞ்சாமல் பேசுகிறவர்கள் அரியர். ஒலிவாங்கியின் முன் நின்றவர்கள் மறுக்கமாட்டார்கள்.

கேள்வி: தைரியமா, தைர்யமா, தயிரியமா?

தைரியம்.

கேள்வி: துணிவு, துணிச்சல்?

துணிச்சலில் கொஞ்சம் அவசரம் கலந்திருக்கிறது. ‘அசட்டுத் துணிச்சல்’ காதுக்குப் பொருந்துகிறது, ‘அசட்டுத் துணிவு’ இடறுகிறது.

கேள்வி: ஐயா, இப்போதுதான் வந்தேன். தைரியத்துக்கு நல்ல தமிழ்ச் சொல்…

எந்த வாக்கியத்தில்?