நாட்டுத் தக்காளி எந்த நாட்டுத் தக்காளி?

வணக்கம் சார். மார்கழிக் கச்சேரிகள் பற்றிய கட்டுரையில் வயலினை ‘நம்ம வாத்தியம்’ என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது எப்படி நம்முடையதாகும்? அப்படியானால் கப்பலில் வந்து இறங்கியதெல்லாம் நம்முடையதுதானா?
— ஒரு வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

நேற்று மயிலாப்பூர் மாடவீதியில் காய் வாங்கும்போது எனக்கு முன்னால் நின்ற அம்மா, “பெங்களூர் தக்காளி வேணாம்பா, ரசத்துக்குப் புளிப்பே இருக்காது, நாட்டுத் தக்காளி போடு” என்றார். தக்காளி தென் அமெரிக்கச் செடி. அது நாட்டுத் தக்காளி ஆகிவிட்டது, சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கிற பெங்களூர் அசலூர் ஆகிவிட்டது! அதே தக்காளியை எங்கள் வீட்டில் திவசத்தன்று மட்டும் உள்ளே விட மாட்டார்கள், அன்றைக்கு மிளகும் வாழைக்காயும்தான். சௌசௌ பாவம், இன்னும் சீமைக் கத்தரிக்காய்தான்.

சரி, வயலினுக்கு வருகிறேன். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859), குடும்பம் மணலியில் இருந்த காலத்தில் (ஆமாம், இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிற அதே மணலி) ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக்கொண்டார். அப்புறம் நடந்ததுதான் முக்கியம். மோவாயில் இடுக்கி நின்று வாசித்ததைச் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் தலையை வலது பாதத்தில் சாய்த்து, தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டி, விரலில் சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு கமகத்தை (ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற நம் பாணியை) வழுக்கவிட்டார்கள். முன்வரிசையில் அடுத்தமுறை உட்கார்ந்தால் அந்தப் பாதத்தைக் கவனியுங்கள்.

வந்ததெல்லாம் நம்முடையதா என்றால், இல்லை. ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்துதான் வந்தது. கட்டைக்குக் கட்டை ஸ்வரம் நிலையாக நிற்பதால் கமகம் வராது என்று அதன்மேல் ஒரு புகார், 1940இல் வானொலியே அதைத் தடைசெய்து முப்பது வருஷம் வெளியே நிறுத்தியது. ஆனால் பஜனை மடத்திலும் நாடகக் கொட்டகையிலும் அதை யார் தடுக்க முடிந்தது? ஒரு பொருளைப் பற்றி ‘இப்படி இல்லை, அப்படித்தான்’ என்று நாம் அடித்துக்கொள்ள ஆரம்பித்தால் அது வீட்டுக்குள் வந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மனிதர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. சௌகார்பேட்டையில் எனக்கொரு நண்பர், தாத்தா காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பம். போன வாரம் ஓட்டலில் டபராவை ஒரு வாய் ஆற்றிக் குடித்துவிட்டு, “என்னப்பா இது, சிக்கரித் தண்ணியா?” என்று திருப்பி அனுப்பினார். நான் அதையே பேசாமல் குடித்துக்கொண்டிருந்தேன்.