மாவுப்பூச்சிக் கூட்டத்தில் ஓடும் பெரிய வெள்ளைப் புழுவை நசுக்கலாமா?

கேள்வி: நான்கு வயதுக் கொய்யா மரங்களில் கிளைநுனி, காய்க்காம்பு எங்கும் மாவுப்பூச்சி. கறுப்பெறும்பு சாரை சாரையாக ஏறுகிறது. இரண்டு முறை மருந்தடித்தும் மூன்றே வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. இப்போது மாவுப்பூச்சி போலவே, ஆனால் இரண்டு மடங்கு பெரிதாக, வேகமாக ஓடும் வெள்ளைப் பூச்சிகளும் தென்படுகின்றன. ஊடுபயிரான காராமணியில் எறும்பு காய்களில் உட்கார்ந்திருக்கிறது. எறும்புப்பொடிக்கு அசையவில்லை, மணிகள் சுருங்குகின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மருந்து சொல்லுங்கள்.

பதில்: முதலில் அந்தப் பெரிய வெள்ளைப் பூச்சியை நசுக்குவதை நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால், அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழுவாகத்தான் இருக்க வேண்டும். உறுதி செய்துகொள்ள ஒன்றை இலையோடு பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மாவுப்பூச்சி தட்டையான முட்டை வடிவம். சாறு உறிஞ்சும் இடத்தைவிட்டு லேசில் நகராது. தொட்டால்கூட மெதுவாகத்தான் ஊரும். வண்டின் புழுவுக்கு மெழுகு இழைகள் நீளமாக, சடை பிடித்தது போலத் தொங்கும். ஆறு கால்களும் தெரிய விறுவிறுவென்று நடக்கும். வளர்ந்த புழு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். ஈரத் தூரிகையால் மெழுகைத் துடைத்தால் உள்ளே சாம்பல் நிற உடல் இருக்கும்.

இந்த வெள்ளை வேடத்துக்குக் காரணம் எறும்புதான். மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவை எறும்பு குடிக்கிறது. பதிலுக்கு, பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் நெருங்கினால் கடித்து விரட்டுகிறது. மெழுகு போர்த்த புழுவை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் தாய் வண்டுக்கு அந்தப் போர்வை கிடையாது. அது மாவுப்பூச்சியின் பஞ்சு முட்டைப்பைக்குள் முட்டை வைக்க வரும்போது எறும்பு துரத்திவிடும். அதனால்தான் எறும்பு ஏறும் மரத்தில் நன்மை செய்யும் பூச்சிகள் பெருகுவதில்லை. இரண்டு முறை மருந்தடித்தும் திரும்பியதற்குக் காரணமும் இதை ஒட்டியதே. வளர்ந்த மாவுப்பூச்சியையும் முட்டைப்பையையும் மெழுகு காத்துவிட்டது, மருந்தில் செத்தது அவற்றைத் தின்ன வந்தவை.

ஆகவே எறும்பு மேலே ஏறும் வழியை அடைப்பதுதான் முதல் வேலை. தரையிலிருந்து இரண்டு அடி உயரம் வரை தொங்கும் கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். மரத்தைத் தொடும் களை, முட்டுக்கழி எதுவும் இருக்கக் கூடாது. ஒரே ஒரு புல் சாய்ந்திருந்தாலும் அதைப் பாலமாக்கிக்கொள்ளும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பட்டையின் பள்ளங்களைக் களிமண்ணால் பூசி, 25 செ.மீ. அகலமும் 400 கேஜ் தடிமனும் உள்ள பாலித்தீன் தாளைச் சுற்றிக் கட்டுங்கள். தாளின் மேல் நான்கு விரல் அகலத்துக்குக் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவினால் பட்டை வெந்து, இளம் மரம் பட்டுப்போகும். தூசியும் சருகும் படிந்தால் எறும்பு அதன் மேலேயே நடந்துவிடும். வாரம் ஒருமுறை பார்த்து மறுபடி தடவுங்கள். கயிற்றை இறுக்கியே விட்டுவைத்தால் தண்டு பருக்கும்போது உள்ளே வெட்டும். பூச்சி அடங்கியதும் அவிழ்த்துவிடுங்கள்.

கிரீஸ் தடவிய தாளைக் கட்டிய பிறகே விஷத்தீனி வையுங்கள். மேலே இனிப்பு தாராளமாகக் கிடைக்கும்வரை கீழே வைப்பதை எறும்பு அவ்வளவாகத் தொடாது. ஒரு லிட்டர் வெந்நீரில் 250 கிராம் சர்க்கரையும் 10 கிராம் போரிக் அமிலமும் கரையுங்கள். 'கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் சாகுமே' என்று அளவைக் கூட்டாதீர்கள். கூட்டினால் வேலைக்கார எறும்பு வழியிலேயே சாகும். புற்றுக்குள் இருக்கும் ராணிக்குத் தீனி போய்ச் சேராது. கரைசலில் நனைத்த பஞ்சை மூடியுள்ள டப்பாவில் வைத்து, தேனீ நுழையாதபடி 2 மி.மீ. துளைகள் போட்டு, எறும்புச்சாரையை ஒட்டி வையுங்கள். குழந்தைகள், ஆடு மாடு எட்டாத இடமாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும்.

வண்டுப் புழு தென்படும் மரத்தில் எதையும் தெளிக்க வேண்டாம். புழுவே இல்லாமல் மாவுப்பூச்சி அப்பிக்கிடக்கும் மரங்களில் மட்டும், மோசமான நுனிகளை வெட்டி அழித்துவிட்டு, லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்புக் கரைசலை மாலையில் நனையத் தெளியுங்கள். மெழுகு பிடிக்காத இளம் குஞ்சுகளிடம்தான் இது நன்றாக வேலை செய்யும். பிறகு எறும்பு நின்ற மரங்களில் மரத்துக்குப் பத்து வண்டுகள் விடலாம். இரசாயன மருந்தடித்த தோப்பானால் மூன்று வாரம் பொறுத்து விடுங்கள். இலையில் கரும்பூசணம் படர்ந்திருந்தால், ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் நீரில் காய்ச்சி, ஆறியதும் 20 லிட்டராக்கி, நல்ல வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்து செதிலாக உதிரும்போது பூசணமும் கூடவே உதிரும்.

காராமணியில் நடப்பது வேறு. எறும்புப்பொடிக்கு அசையாமல் காயிலேயே உட்கார்ந்திருப்பது ரிப்டார்டஸ் என்ற நாவாய்ப்பூச்சியின் குஞ்சாக இருக்கலாம். பார்வைக்கு அச்சாக எறும்பேதான். ஒன்றைப் பிடித்துப் புரட்டிப் பாருங்கள்: தலைக்கடியில் ஊசி போன்ற உறிஞ்சுகுழல் மடங்கியிருக்கும். எறும்பின் உணர்கொம்பு முழங்கை போல வளைந்திருக்கும்; இதற்கு வளைவில்லாமல் நீளும். அது காயின் தோலைத் துளைத்துப் பச்சை மணியின் சாற்றை உறிஞ்சுவதால்தான் மணி சுருங்குகிறது. அதிகாலைக் குளிரில் மந்தமாக இருக்கும்போது, சோப்புத் தண்ணீர் ஊற்றிய வாளியில் செடியை உலுக்கி விழச் செய்யுங்கள். பிஞ்சு பிடிக்கும்போதே 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதும் உதவும். அதற்குப் பத்து லிட்டருக்கு 500 கிராம் பருப்பு இடிக்க வேண்டும்.

அந்த 'எறும்பு'களில் ஏதாவது ஒன்று முன்னங்கால் இரண்டையும் கொம்பு போலத் தூக்கி ஆட்டியபடி நடந்து, தட்டியதும் நூல் விட்டுக் கீழே இறங்கினால், அது எறும்பு வேடமிட்ட சிலந்தி. கால்களை எண்ணினால் எட்டு இருக்கும். சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்பது அது. வாளியில் விழுந்தாலும் எடுத்துச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.