விர்ச்சுவல் போட்டும் நாய் குரைக்கவில்லையா?

வணக்கம் நண்பரே. சி பிளஸ் பிளஸில் அனிமல் கிளாஸிலிருந்து டாக், கேட் கிளாஸ்களை உருவாக்கி, ஸ்பீக் ஃபங்ஷனுக்கு விர்ச்சுவல் போட்டும், அவற்றை வெக்டரில் சேர்த்து லூப்பில் ஓட்டினால் இரண்டுமே அனிமலின் "ஏதோ சத்தம்" என்றே அச்சிடுகின்றன என்கிறீர்கள். பாலிமார்ஃபிஸம், அதாவது ஒரே அழைப்புக்கு ஒவ்வொரு கிளாஸும் தன் வழியில் பதில் தருவது, உங்களுக்குப் புரிந்துதான் இருக்கிறது. சிக்கல் வெக்டரில், அதாவது பொருள்களை வரிசையாக வைக்கும் பட்டியலில். அது அனிமல் பொருள்களையே நேரடியாக வைத்துக்கொள்கிறது. டாக்கை புஷ் பேக் செய்து கடைசியில் சேர்க்கும்போது அதன் அனிமல் பகுதி மட்டும் நகலாகிறது, மீதி வெட்டுப்படுகிறது. சி பிளஸ் பிளஸில் இதற்கு ஆப்ஜெக்ட் ஸ்லைசிங் என்றே பெயர். உள்ளே இருப்பது நாயே இல்லை, பிறகு எப்படிக் குரைக்கும்? ஜாவாவில் பழகி வந்தவர்கள் பலரும் இதில் மாட்டுவார்கள். அங்கே மாறியில் இருப்பது பொருள் அல்ல, அதைச் சுட்டும் ரெஃபரன்ஸ்தான்.

வெக்டரில் அனிமலுக்குப் பதில் அனிமலுக்கான யுனிக் பாயின்டரை, அதாவது பொருளைச் சுட்டி, வேலை முடிந்ததும் தானே அதை அழித்துவிடும் பாயின்டரை வையுங்கள். டாக்கை மேக் யுனிக் ஃபங்ஷன் கொண்டு உருவாக்கிச் சேருங்கள். அழைக்கும்போது புள்ளிக்குப் பதில் அம்புக்குறி. அனிமலின் டிஸ்ட்ரக்டருக்கும் (பொருள் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) விர்ச்சுவல் கட்டாயம். டாக்கின் ஸ்பீக்கில் ஓவர்ரைடு என்றும் எழுதிவிடுங்கள், பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் கம்பைலரே பிடித்துக்கொடுக்கும்.