வாசகர் கேள்வி பதில்: சொந்தக் காசில் முதல் நாவல்

கேள்வி: நாவல் ஒன்றை எழுதி முடித்துக் கொழும்பில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன், பதிலே இல்லை. நானே அச்சடிக்கலாமா? 1000 பிரதி அடித்தால்தான் மலிவு என்கிறார்களே?
– ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: தாராளமாக அடியுங்கள் தங்கச்சி. உள்பக்கத்தில் 'ஆசிரியர் வெளியீடு' என்று போடுவதில் ஒரு வெட்கமும் இல்லை.

1000 பிரதிக் கணக்கு பொய்யில்லை. ஓப்செட் அச்சில் பக்கங்களைப் பதிக்கும் தகட்டுக்கான (பிளேட்) செலவு 200 அடித்தாலும் 1000 அடித்தாலும் ஒன்றுதான், அதனால் கூட அடிக்க அடிக்க ஒரு பிரதியின் விலை இறங்கும். ஆனால் விற்காத 700 பிரதியை மார்கழி மழைக்கும் கறையானுக்கும் காவல் காப்பது நீங்கள்தானே, அச்சகக்காரர் இல்லையே! 200, மிஞ்சிப்போனால் 300 போதும். பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சென்றால் 100 கூட அடிக்கலாம்.

காசை விட எனக்குப் பயம் எழுத்துருவில்தான். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுப்பீர்கள், பக்கம் வடிவமைப்பவர் அதைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள்தான் இருக்கும், காற்புள்ளி விசையில் 'இ' இருக்கிறது, ஆகவே மாற்றும்போது கவனிக்காவிட்டால் காற்புள்ளி போட்ட இடமெல்லாம் 'இ' வந்து நிற்கும், இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். மாற்றுவதற்கு முன் எத்தனை தடவை திருத்தினாலும் பிரயோசனமில்லை. பக்கம் கட்டிய பிறகு தாளில் அச்செடுத்து, நாவலை இதுவரை வாசிக்காத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: உரையாடலில் வரும் நம் ஊர்ப் பேச்சுச் சொல்லான 'மறுகா'வைப் 'பிறகு' என்று திருத்த வேண்டாம்.

நூலுக்கான சர்வதேச அடையாள இலக்கமான ஐ.எஸ்.பி.என். கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் கிடைக்கும். 978-955 அல்லது 978-624 என்று தொடங்குவது நமது நாட்டு இலக்கம். அட்டை அச்சுக்குப் போகுமுன் எடுத்துவிடுங்கள், பின்னட்டையில் பார்கோடு வரவேண்டுமே. பதிப்புரிமைக்குத் தனியாகப் பதிவு தேவையில்லை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவுடனேயே அது உங்களுடையது.

வெளியீட்டு விழா வையுங்கள், சந்தோசம். சிறப்புப் பிரதி வாங்குபவர்கள் கவரில் வைத்துத் தரும் காசை நம்பி மட்டும் அச்சகத்துக்குத் தவணை சொல்லாதீர்கள். பேச்சாளர், அட்டை வரைந்தவர், தலைமை தாங்கியவர் என்று அன்பளிப்பாகவே ஒரு கட்டுப் போய்விடும். கடைக்குக் கொடுப்பதென்றால் எத்தனை பிரதி, எவ்வளவு கழிவு, காசு எப்போது, மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், கடைக்காரர் சொந்தக்காரராக இருந்தாலும்தான்.

கேள்வி: அச்சே வேண்டாம், அமேசான் கிண்டிலில் மின்னூலாகப் போட்டால் என்ன?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: போடலாம், தமிழ் மின்னூலை அமேசான் ஏற்கிறது. யூனிகோட் கோப்புத்தான் வேண்டும், பாமினி சரிவராது. அமேசானுக்கு மட்டுமே மின்னூலைக் கொடுக்கும் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு அதே மின்னூலை வேறெங்கும் போடக்கூடாது, இலவசமாகக்கூட. அதை வாசித்துவிட்டுச் சம்மதம் கொடுங்கள்.