தலையணைக்கு அடியில் ஒரு ரொட்டித் துண்டு

கேள்வி: டொராண்டோவில் யூத முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்புப் பணியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் உணவு மேசையிலிருந்து ரொட்டியை எடுத்துச் சென்று தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறார். குளிக்க அழைத்தால் நடுங்குகிறார். சனிக்கிழமைகளில் விளக்கைப் போடும்படி கேட்காமல், “அறை இருட்டாக இருக்கிறதே” என்று மட்டும் சொல்கிறார். மதிய உணவுக்குப் பின் தரும் சத்துப் பானத்தைத் தொடுவதே இல்லை. எடையும் குறைந்து வருகிறது. இது முதுமையின் பிடிவாதமா, மறதி நோயா?

- வாசகி, ஸ்கார்பரோ

பதில்: எடை குறைவதுதான் உடனே கவனிக்க வேண்டியது, அதைச் செவிலியரிடம் இன்றே தெரிவியுங்கள். பானத்தை அவர் மறுப்பதற்குப் பெரும்பாலும் ‘கோஷர்’ எனப்படும் யூத உணவு விதியே காரணமாக இருக்கும். இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரக் கூடாது என்பதோடு, இறைச்சி உண்டபின் பால் அருந்துவதற்குப் பலர் ஆறு மணி நேரமும், ஜெர்மானிய வழிவந்த குடும்பத்தினர் மூன்று மணி நேரமும் காத்திருப்பார்கள். மதியம் கோழிக்கறி சாப்பிட்டவரிடம் பாலில் செய்த பானத்தை நீட்டினால் அவர் எப்படி வாங்குவார்? காலை உணவோடு கொடுத்துப் பாருங்கள், அல்லது பால் சேராத வகையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் நகரத்தில் யூதப் பெண்கள் பணம் திரட்டி, 1918-ஆம் ஆண்டு சிசில் தெருவின் ஒரு வீட்டில் முதியோர் இல்லம் தொடங்கியதே, கோஷர் உணவும் தம்மவர் சூழலும் முதியவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான்; இன்றைய பேக்ரெஸ்ட் முதியோர் பராமரிப்பு மையம் அதிலிருந்து வளர்ந்தது.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிருந்து சனிக்கிழமை இரவு வரை நீளும் ஓய்வுநாளில், விதியைக் கடைப்பிடிப்பவர்கள் மின்விசையைத் தொடுவதில்லை. பிறரை ஏவுவதையும் தவிர்ப்பார்கள். ஆகவே அவர் சொல்வதைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு விளக்கைப் போடுங்கள். ஆனால் நெஞ்சு வலித்தாலும் ஓய்வுநாளில் அழைப்பு மணியை அழுத்தத் தயங்குவோர் உண்டு. உயிர் காப்பதற்காக ஓய்வுநாளை மீறலாம், மீறியே ஆக வேண்டும் என்பதுதான் யூதச் சமய விதி. இதை அவர் மதிக்கும் ராபி (யூத மதகுரு) ஒருவர் முன்கூட்டியே சொல்லிவைத்தால் மனம் ஏற்கும்.

ரொட்டியும் குளியலும் வேறு விஷயம். அவர் ஐரோப்பாவில் பிறந்தவரா, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எங்கே இருந்தார் என்பதைக் குடும்பத்தாரிடமோ இல்லத்தின் சமூகப் பணியாளரிடமோ கேட்டறியுங்கள். நீங்களாக எதையும் முடிவுகட்ட வேண்டாம். யூதர்களை அடைத்துவைத்த நாஜி முகாம்களில் ஒரு துண்டு ரொட்டியே உயிரைப் பிடித்து வைத்தது. நச்சுவாயு அறைகள் குளியலறைகள் என்ற பெயரில் இருந்தன. 1945-இல் குழந்தையாகத் தப்பியவர்கள்கூட இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். மறதி நோய் அண்மை நினைவுகளை முதலில் அழிப்பதால், அடியில் கிடந்த பழைய அச்சம் நேற்று நடந்ததுபோல மேலே வந்துவிடுகிறது. அவரை மருத்துவர் பரிசோதிப்பது அவசியம் என்றாலும், அந்த நடுக்கத்தை வெறும் நோய்க்குறி என்று நான் ஒதுக்க மாட்டேன். தலைக்கு மேலிருந்து கொட்டும் நீர், வரிசையில் நிற்கவைப்பது, இரவில் முகத்தில் அடிக்கும் டார்ச் வெளிச்சம், அதட்டும் குரல் ஆகிய எதுவும் அந்த அச்சத்தைக் கிளறலாம். குளியலறைக் கதவைத் திறந்து காட்டுங்கள். நீரை முதலில் அவர் கையால் தொட்டுப் பார்க்கட்டும். மறுத்தால் அன்றைக்கு வெந்நீரில் நனைத்த துணியால் உடலைத் துடைத்துவிட்டாலே போதும்.

ரொட்டியை அவர் இல்லாத நேரத்தில் எடுத்து எறிந்துவிடாதீர்கள். படுக்கையருகே மூடியுள்ள ஒரு சிறு டப்பா வையுங்கள். மாலைதோறும் அவர் கண்முன்னே புதிய துண்டு ஒன்றை அதில் வைத்துக் காட்டியபின், பழையதைத் தரும்படி அவரிடமே கேளுங்கள்.