பதில் வரவழைக்கும் கடைசிப் பத்தி

கேள்வி: மார்த்தாண்டத்தில் தேனைப் புட்டிகளில் அடைத்து விற்கிறோம். சென்னை, கோவை, பெங்களூரு அங்காடிகளுக்கு மின்னஞ்சல் எழுதி, 'தங்கள் மேலான பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்' என்று முடிக்கிறேன். பெரும்பாலும் பதிலே வருவதில்லை. எப்படி முடிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: நீங்கள் இணைத்திருந்த மாதிரிக் கடிதத்தின் முற்பகுதியில் குறை சொல்ல ஏதுமில்லை. கடைசி வரியில்தான் சிக்கல்: பதிலை எதிர்பார்ப்பதாகச் சொல்கிறீர்களே தவிர, எதற்குப் பதில் வேண்டும் என்று கேட்கவில்லை. இத்தகைய கடிதங்களை அன்றாடம் பார்க்கும் கொள்முதல் அலுவலர், அடுத்து என்ன செய்வதென்று தாமே யோசிக்க வேண்டியிருந்தால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுவார்.

ஆகவே ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். அதுவும் ஒரு வரியில் பதில் எழுதக்கூடியதாக இருக்கட்டும். முதல் கடிதத்திலேயே ஆர்டர் கேட்பது, பெண் பார்க்கப் போன இடத்தில் முகூர்த்தம் குறிப்பதைப் போன்றது. 'எங்கள் ரப்பர் தேனின் மாதிரிப் புட்டி ஒன்றை எங்கள் செலவில் அனுப்புகிறோம். எந்த முகவரிக்கு அனுப்பலாம்?' என்று முடித்துப் பாருங்கள். விலைப்பட்டியல் வேண்டுமா, மாதிரி வேண்டுமா, நேரில் வரலாமா என்று மூன்றையும் அடுக்கினால் மூன்றுக்கும் பதில் வராது.

'சலுகை இன்றே கடைசி' என்னும் பொய்யான அவசரம் வேண்டாம். உங்களிடம் மெய்யான காரணமே இருக்கிறது. நம் மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் ஆண்டின் தொடக்க மாதங்களில், தளிரின் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீக்கள் சேகரிப்பதால்தான் தேன் வரத்து பெருகுகிறது. 'தேன் எடுப்புக்கு முன் தேவையைச் சொன்னால் உங்களுக்கென ஒதுக்கி வைப்போம்' என்று எழுதினால், அவர் விரைந்து முடிவெடுக்க நியாயம் இருக்கும்.

'நன்றியுடன்', 'அன்புடன்' எதுவானாலும் சரிதான். அதன் கீழே பெயர், வாட்ஸ்அப் உள்ள கைபேசி எண், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வழங்கிய 14 இலக்க எண், இருந்தால் ஜி.எஸ்.டி. எண் ஆகியவற்றைத் தட்டச்சு செய்யுங்கள். படமாக ஒட்டினால் சிலருக்கு அது திறக்காது, எண்ணைத் தொட்டு அழைக்கவும் இயலாது. சிலர் ஒரு திருக்குறளையும் சேர்க்கிறார்கள். குமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவரை விற்பனைக் கடிதத்தின் அடியிலும் நிறுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால், புதிய கடிதம் எழுதாமல் பழையதன் தொடர்ச்சியாகவே எழுதுங்கள். 'ஏன் பதில் தரவில்லை' என்ற தொனி கூடாது. தேனின் ஈரப்பதம் விதிப்படி 20 விழுக்காட்டுக்குள் இருப்பதைக் காட்டும் ஆய்வக அறிக்கை போன்ற புதிய ஒன்றை இணைத்து, முன்பு கேட்ட அதே கேள்வியோடு முடியுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால், அடுத்த தேன் பருவம் வரை அந்த அங்காடிக்கு எழுத வேண்டாம்.